குண்டுக்கு முன்னால் ஒரு வார்த்தை

“குண்டு போடாமயே ஜப்பான் அடங்கியிருக்கும்ங்கறயா புள்ள?”

“உங்க ராஜாவை ஒண்ணும் பண்ணமாட்டோம்னு தெளிவாச் சொல்லிக் கேட்டிருந்தா அடங்கியிருக்குமுங்க மச்சான். கேக்காமயே எப்படித் தெரியும்?”

போன வாரம் வாய்க்கால் மேட்டில் ஜானகி இப்படி மடக்கியதை நினைத்தபடி, மீனாட்சிபுரம் வாசகசாலை மேடையில் அப்புசாமி உட்கார்ந்திருந்தான். யுத்தம் முடிந்து பத்து வருடம் ஆன பிறகும், ‘அணுகுண்டு தேவைதானா?’ என்று பட்டிமன்றம். தேவை என்று அவன். தேவையில்லை என்று கோயமுத்தூரில் காலேஜ் முடித்த ஜானகி. நடுவர் அவளுடைய அப்பா மாரப்பன், அப்புசாமிக்குத் தாய்மாமன்.

அவன் மனம் விவாதத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து ஜானகியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவன் அம்மாவோ, “என்ற அண்ணன் மகளைப் போய் நான் கேக்கோணுமா? உரிமைப் பொண்ணு! அண்ணனே வந்து சொல்லட்டும்,” என்று அசையவில்லை. மாமாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அப்புசாமி தானாகவே முடிவு கட்டியிருந்தான்.

முதலில் அவன் பேசினான். “குண்டு விழலீன்னா ரெண்டு பக்கமும் இன்னும் லட்சக்கணக்குல செத்திருப்பாங்க. பர்மாவுல பட்டாளத்துல இருந்த எங்கண்ணனும் திரும்பியிருக்க மாட்டாருங்க.”

கைதட்டல் அடங்கியதும் ஜானகி எழுந்தாள்.

“உங்கண்ணன் வந்ததுல எனக்கும் சந்தோசந்தானுங்க. குண்டு விழுந்த ஊர்ல பள்ளிக்கொடம் போன குழந்தைங்க திரும்பலீங்களே! தோத்தேன்னு சொல்ல ஜப்பானுக்கு வீம்பு. ராஜாவை விட்டுடறோம்னு சொல்ல அமெரிக்காவுக்கு வீம்பு. யார் முதல்ல வாயத் தொறக்கறதுன்னு இருந்தே ஊரு எரிஞ்சு போச்சுங்க.”

“நம்மூர்லயும் அப்படி ரெண்டு ஊடு இருக்குதாக்கும்!” என்றார் பால்காரர் குப்பண்ணன். வாசகசாலையே சிரித்தது.

மாரப்பன் மேசையைத் தட்டினார். “யோவ், நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? கேட்டு வந்தாத்தானே சரின்னு சொல்றதுக்கு!” சொன்ன பிறகுதான் தாம் நடுவர் என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “ம்… அப்புசாமி, பதில் சொல்லப்பா.”

அப்புசாமி எழுந்தான். ஜானகி தரையைப் பார்த்தாள். சிரிப்பை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை.

“ஜானகி சொன்னதுதான் சரிங்க,” என்றான்.

“அப்ப உக்காரு.”

அவன் உட்காரவில்லை. கைகளைக் கூப்பினான்.

“மாமா, ஜானகியை எனக்குக் கட்டித் தருவீங்களா?”