மெல்பேர்னில் பிறந்த பிள்ளை

“ஆற்றை பிள்ளை, அண்ணை?” என்று எதிர்வீட்டு இரத்தினம்மா கேட்டபோது லிப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான்காம் மாடிக்கு வருவதற்குள் நான் பொய்யைச் சொல்லி முடித்திருந்தேன்.

“எங்கட சுகிர்தன்ரை மகள். மெல்பேர்னிலை பிறந்தது.”

“இவ்வளவு வளந்திட்டுது! ஒரு படம்கூடக் காட்டேல்லையே நீங்கள்?”

“கண்ணூறு பட்டுடும் எண்டு மருமகள் ஒருத்தருக்கும் காட்டுறதில்லை.”

இரத்தினம்மா குனிந்து பெயரைக் கேட்டார். “யோகராணிங்க” என்றது பிள்ளை. மெல்பேர்னில் பிறந்த பிள்ளை பெயரோடு தோட்டத்து ‘ங்க’ சேர்த்து அப்படிச் சொல்லாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் அளவெட்டியில் பிறந்த பிள்ளையும் சொல்லாது. நான் கதவுக்கு மேலே மாறும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகன் சுகிர்தனும் மருமகள் சுபோதினியும் கீழே வாடகை வானிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் இது விழவில்லை.

பதினொரு வருடமாக அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறுவர் இல்லத்திலிருந்து இந்த நாலு வயதுப் பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். தாய் மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவள், இறந்துபோனாள் என்று கோப்பில் இருந்தது. தகப்பனின் பெயருக்கு நேரே ஒரு கோடு. ஆறு கிழமை இங்கேயே, வெள்ளவத்தையில் என் வீட்டில், பிள்ளையோடு பழக வேண்டும். சிறுவர் விவகாரங்களைக் கவனிக்கும் நன்னடத்தை அதிகாரி வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அதன் பிறகுதான் நீதிமன்றம் முடிவு சொல்லும். இதற்காக இருவரும் லீவு போட்டு மெல்பேர்னிலிருந்து கடல் கடந்து வந்திருந்தார்கள்.

நான் நில அளவையாளனாக முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவன். எந்தக் காணி யாருடையது, எல்லை எங்கே தொடங்குகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். என் குடும்பத்தில் நாலு தலைமுறைக்கு யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று என்னால் நின்ற நிலையில் சொல்ல முடியும். அந்த வரிசையின் முடிவில் ஒரு கோடு வருவதை நான் விரும்பவில்லை. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதே எனக்கும் மருமகளுக்கும் முட்டிக்கொண்டது. நான் மீனில் முள் எடுத்துப் பிள்ளையின் தட்டில் வைத்தேன். சுபோதினி அதை மெதுவாக எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

“குறை நினையாதேங்கோ மாமா. இந்த ஆறு கிழமையும் சாப்பாடு குடுக்கிறது, தூக்கிறது எல்லாம் நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்தான் செய்யோணும். ஆர் அம்மா, ஆர் அப்பா எண்டு பிள்ளைக்கு விளங்கோணும். அப்பிடித்தான் சொல்லித் தந்தவை.”

“என்ரை வீட்டிலை நான் ஒரு மீன் துண்டு வைக்கக் கூடாதோ?”

என் குரல் உயர்ந்ததும் பிள்ளை தன் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், எட்டாத பேசின் தொட்டியில் கால்விரல் நுனியில் நின்று கழுவ முயன்றது. சுபோதினி பின்னால் ஓடினாள். “நீங்க சாப்பிடுங்க மிஸ், நான் கழுவுறேன்” என்றது. இல்லத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அதற்கு மிஸ்தான். சுபோதினியும் ஒரு மிஸ். யார் கையைக் காட்டினாலும் பின்னால் போகும். யார் தூக்கினாலும் மரக்கட்டைபோல விறைத்துக்கொண்டிருக்கும். மருமகள் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை நான் கேட்டேன். கேளாததுபோல் பேப்பரைத் திருப்பினேன்.

அதன் பிறகு நான் ஒதுங்கிவிட்டேன். தூக்கக் கூடாது, ஊட்டக் கூடாது என்றால் எனக்கு என்ன வேலை என்று வீம்பு. பிள்ளை எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பேன்.

நாலாம் கிழமை ஒரு புதன்கிழமை காலை அவர்கள் மூவரும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். மணி அடித்தது. நன்னடத்தை அதிகாரி ரிஸ்னா நின்றார். முதல் நாள் இல்லத்து வாசலுக்குப் பிள்ளையைக் கூட்டிவந்து எங்களிடம் ஒப்படைத்தவரும் அவர்தான். முகம் சரியாக இல்லை.

“ஐயா, நான் மொதல்ல முன்வீட்டுலதான் விசாரிச்சேன். அந்தம்மா இங்க தத்துப் புள்ளையே இல்லைன்னு சொல்றாங்க. சுகிர்தன் பெத்த புள்ளையாம். ஆஸ்பத்திரியில எடுத்த படத்தையும் பாத்தாங்களாம்.”

படம் நான் சொன்ன பொய் அல்ல. அது இரத்தினம்மா தன் பங்குக்குச் சேர்த்தது.

“அவவுக்கு விளக்கமில்லை, மிஸ்.”

“விளக்கமில்லையா, இல்ல யாராவது அப்படிச் சொல்லிக் கொடுத்ததா? வளக்கப் போற வீடே புள்ளைய மறைக்குதுன்னா நான் ரிப்போட்ல என்ன எழுதுறது? நாளைக்கு அந்தப் புள்ள தன்னைப் பத்திக் கேட்டா யாரு உண்மைய சொல்லுவா?”

கோப்பு அவருடைய கையில் திறந்தபடி இருந்தது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மகன் மீது பழியைப் போடலாம், மருமகள் மீது போடலாம் என்றுகூட ஒரு கணம் மனம் ஓடியது. பதினொரு வருடம். குளியலறையில் ஓடிய தண்ணீர்.

“கொஞ்சம் வாங்கோ” என்று சொல்லிவிட்டு, மேலே சட்டைகூடப் போட்டுக்கொள்ளாமல், பெனியனோடு நடைபாதையைக் கடந்து இரத்தினம்மாவின் கதவைத் தட்டினேன். இங்கே குடிவந்த பதினெட்டு வருடத்தில் அந்தக் கோலத்தில் நான் வாசலைத் தாண்டியதில்லை.

“இரத்தினம், அது சுகிர்தன் பெத்த பிள்ளை இல்லை. இல்லத்திலை இருந்து எடுத்தது. மலையகத்துப் பிள்ளை. மகனுக்கும் மருமகளுக்கும் நான் சொன்னது தெரியாது. நான்தான் பொய் சொன்னனான்.”

இரத்தினம்மா என்னையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

“எனக்குத் தெரியாதோ அண்ணை? லிப்டுக்குள்ளையே தெரியும். நீங்கள் மானத்துக்குப் பயந்து சொல்லுறியள், நானும் ஊர்க்காரி, காட்டிக் குடுக்கக் கூடாது எண்டு அந்தப் படத்தையும் சேத்து அவிச்சு விட்டனான். இப்ப நான் பொய்க்காரி, நீங்கள் அரிச்சந்திரன்!”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். ஆனால் பேனாவை அவர் மூடவில்லை.

அப்போது லிப்ட் திறந்தது. சுகிர்தன் ஈரத் துவாய்களோடு முன்னால் வந்தான். பின்னால் சுபோதினியும், ஒரு எட்டுத் தள்ளிப் பிள்ளையும். பிள்ளை அதிகாரியைக் கண்டது, கோப்பைக் கண்டது. நின்றது. அடுத்த கணம் சுபோதினியின் சீலையைப் பிடித்து ஏறத் தொடங்கியது. அவள் குனிந்து தூக்குவதற்குள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவளுடைய பின்னலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டது. தலை ஒரு பக்கம் இழுபட, வலியில் கண் கலங்க, அவள் அசையாமல் நின்றாள்.

“கூட்டிட்டுப் போக வரல்லம்மா, பயப்படாதீங்க” என்றார் ரிஸ்னா பிள்ளையிடம். “சும்மா பாக்க வந்தேன். சொல்லுங்க, இவங்க யாரு?”

பிள்ளை முகத்தைத் திருப்பாமல், “என்னோட மிஸ்” என்றது.

“இந்தத் தாத்தா?”

பிள்ளை சுபோதினியின் தோளுக்கு மேலால் ஒரு கண்ணை மட்டும் காட்டி என்னைப் பார்த்தது.

“இந்த வீட்டு ஐயாங்க.”

அதிகாரி ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. அறிக்கை இரண்டு கிழமையில் போகும் என்றார். அதற்கு முன்னர் இன்னொரு முறை வருவாராம், எப்போது என்று சொல்ல முடியாதாம். லிப்ட் அவரைக் கீழே கொண்டுபோனது. சுகிர்தன் என் பெனியனைப் பார்த்தான், இரத்தினம்மாவின் திறந்த கதவைப் பார்த்தான், என்ன நடந்ததென்று விளங்கியிருக்க வேண்டும். பிள்ளையை இறக்காமலே அவர்கள் உள்ளே போனார்கள்.

பிள்ளையின் கால்களிலிருந்து உதிர்ந்த கடல் மணல் லிப்டிலிருந்து எங்கள் வாசல் வரை ஒரு மெல்லிய கோடாகக் கிடந்தது. இரத்தினம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுத்து வந்தார்.

“விடு, இரத்தினம்” என்றேன். “கிடக்கட்டும்.”

அவர் தும்புத்தடியை ஊன்றியபடி தன் வாசலில் நின்றார். அந்தக் கோட்டை மிதிக்காமல் எப்படி வீட்டுக்குள் போவது என்று தெரியாமல் நான் நின்றேன்.