வண்டியம்மா கேட்ட ஊதுவத்தி

காரின் முன்சீட்டில் சாய்பின் என்கிறவள் உட்கார்ந்து வந்தாளே, அதற்கு மறுநாள் காலையில்தான் அந்த விளக்கு எரிந்தது. கம்மூன் எதை வேண்டுமானாலும் மறுத்துப் பேசலாம், இதை மட்டும் மறுக்க முடியாது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகமுள்ளுக்குக் கீழே, மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு சின்னப் படம். கிண்ணம் போல ஒன்று, அதன் நடுவே நட்டு வைத்தாற்போல ஒரு குச்சி, குச்சிக்கு அடியில் ஒரு புள்ளி. ஃபயாவ் ஏரியிலிருந்து வந்த பனி கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது. கம்மூன் போர்வையைத் தோளில் போட்டபடி பானெட்டைத் திறந்து பார்த்தான். எண்ணெய் இருந்தது, தண்ணீர் இருந்தது, இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. டயர்கள் நாலும் தரையில் நின்றன. நிற்கிற டயரை யார் குனிந்து பார்க்கிறார்கள்? பாதி ஆயுசு டிராக்டர் ஓட்டியவன். இன்னொருத்தனிடம் போய் இது என்ன விளக்கு என்று கேட்டால் மானம் என்னாவது?

கேட்காமலே பதில் சொல்ல அவன் அக்கா பான்யென் இருந்தாள். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள், பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகப் பின்வாங்கினாள்.

"டேய் தம்பி, இதுகூடவா தெரியலை? ஊதுவத்திக் கிண்ணம்டா! புத்தருக்குன்னா மூணு வத்தி நட்டிருக்கும். ஒத்தை வத்தி யாருக்கு ஏத்துவோம்? வண்டியம்மாதான் கேக்குறா."

கார் ஆகட்டும், லாரி ஆகட்டும், படகு ஆகட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மே யா நாங் உண்டு. அவள்தான் வண்டியம்மா. அவளுக்குப் பூ போடாமல் ஊரில் எவனும் சாவியைத் திருப்பமாட்டான். கம்மூன் மட்டும் குறை வைத்தானா என்ன? பழைய கார்தான் என்றாலும் வாங்கின அன்றே விகாரைக்குக் கொண்டுபோய், பெரிய பிக்கு கையால் கூரையில் சந்தனப் புள்ளியும் தங்க ரேக்கும் வைத்தாயிற்று. கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்குகிறது. நிறம்தான் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை பிறந்தவனுக்கு நீலம் ஆகாது, காரோ பளபளவென்ற நீலம். அதற்கும் பான்யென் வழி கண்டாள். 'இந்த வண்டி சிவப்பு' என்று எழுதிய ஸ்டிக்கர் ஒன்றைப் பின்னால் ஒட்டினாள். கிரகங்கள் படித்துத் தெரிந்துகொண்டன. தொந்தரவு எதுவும் இல்லை.

"இவ்வளவும் செஞ்சாச்சே, இன்னும் என்னக்கா குறை அவளுக்கு?"

"என்னைக் கேட்டா? நேத்து முன்சீட்டுல யாரை உக்கார வச்சேன்னு உன்னையே கேட்டுக்கோ."

கம்மூனுக்குச் சுரீரென்றது. முந்தின நாள் விகாரைத் திருவிழா முடிந்து திரும்பும்போது, முச்சந்தியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சாய்பினைத் தன் காரில் ஏற்றிக்கொண்டான். ஏற்றிக்கொண்டது மட்டுமா, இறங்கி ஓடிப்போய் முன்கதவைத் திறந்து வேறு விட்டான். அதுவரை அந்த சீட் பான்யெனுடையது. அவளே தைத்த மெத்தை அதில் இருந்தது. அன்று அவள் பின்னால், பசையரிசிச் சோற்றுக் கூடைகளுக்கும் இரண்டு வாழைத்தாருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. பான்யென் வாயைத் திறக்காத பயணம் அந்த ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல்.

கம்மூன் மனைவியை இழந்தவன். சாய்பின் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவள். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய் ஒரு வருஷமாகிறது. ஆனால் பெண் கேட்கப் போவதென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்னால் நின்று கேட்க வேண்டும், மாப்பிள்ளை தானே போய் வாயைத் திறக்கக் கூடாது. கம்மூனுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பெரியவர் பான்யென்தான். அவளும் சரியென்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது இந்த விளக்கு.

"வண்டியம்மாவும் பொம்பளைதானே? அவ இடத்துல இன்னொருத்தி உக்காந்தா எரியாதா? விளக்கு அணையட்டும். அப்புறம் பேசலாம்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஒரு புட்டி சிவப்பு சோடாவை மூடி திறந்து, உறிஞ்சுகுழல் போட்டு, பானெட்டின் மேல் வைத்தார்கள். ஒற்றை ஊதுவத்தி கொளுத்தினார்கள். கம்மூன் லிச்சித் தோப்புக்கு ஓட்டிப்போனான். வெயில் ஏறிய நேரத்தில் குனிந்து பார்த்தால், விளக்கைக் காணோம்! அவன் ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைக் கும்பிட்டான்.

மறுநாள் விடிந்தால் மறுபடி விளக்கு. மறுபடி சோடா. மறுபடி வெயில் ஏறினதும் அணைந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் வண்டியம்மாவின் பசி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. ஒரு புட்டி போதவில்லை, இரண்டானது. அப்புறம் அவித்த கோழி. அப்புறம் கோழியும் பலிக்கவில்லை. முன்பு வெயில் ஏறினதும் அணைந்த விளக்கு இப்போது சாயங்காலம்தான் அணைந்தது, பிறகு சாயங்காலமும் அணைய மறுத்தது. பான்யென் கோழிக்கறியைப் பிட்டுத் தின்றபடி, "ரொம்பக் கோவத்துல இருக்கா," என்றாள்.

கம்மூன் சாய்பின் பக்கமே போகவில்லை. கடை இருந்த முச்சந்தியைத் தவிர்த்து, வயல்காட்டைச் சுற்றிக் குண்டும் குழியுமான வண்டிப் பாதையில் போய் வந்தான். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். 'என் காருக்கு உன்னைப் பிடிக்கலை' என்று ஒரு பெண்ணிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியில் அவளே போனில் கூப்பிட்டாள்.

"உசுரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன் சாய்பின். தோப்புல வேலை..."

"பூ விட்டு முடியலை, அதுக்குள்ள லிச்சிக்கு என்ன வேலை? சரி, கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை என் மாமா வர்றாரு. நல்ல நேரம் காலையில. வந்து கேட்டா உண்டு. வரலைன்னா கடையைப் பூட்டிட்டு ராயோங்ல தம்பி வீட்டுக்கே போயிடுவேன். ரோட்டைப் பாத்து உக்காந்திருக்குற வயசு எனக்கில்லை."

போன் வைக்கப்பட்டது. அவள் சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத முச்சந்தியை நினைத்துப் பார்த்த கம்மூன், நேரே அக்காவிடம் போய்க் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை வர ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு முழுப் பன்றித்தலை வந்தது. பான்யென் அதை அவித்து, வாயில் ஒரு செவ்வந்திப்பூ சொருகினாள். "முன்சீட்டு அவளுக்கே இருக்கட்டும்," என்று தலையைத் தட்டோடு முன்சீட்டில் வைத்தாள். சீட்டில் பாரம் ஏறியதும் பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்த ஆரம்பித்தது. நிறுத்த வேறு வழியில்லாமல் கம்மூன் பன்றித்தலைக்கு பெல்ட் மாட்டிவிட்டான். பட்டுத்துணி கட்டிய பான்யென் பின்னால் ஏறினாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அணையலையேடா."

"போகப் போக அணையும்க்கா."

அணையவில்லை. பாதித் தூரம் போனதும் பான்யென் முன்னால் எக்கிப் பார்த்தாள். "பன்னித்தலைக்கும் மசியலை. இது நல்லதுக்கில்லைடா தம்பி. வண்டியைத் திருப்பு."

"அக்கா, இன்னைக்கு விட்டா அவ ராயோங் போயிடுவா."

"போனா போறா! வண்டியம்மா வேணாங்குறா, நான் என்ன பண்ணட்டும்? திருப்புறியா, நான் இறங்கட்டுமா?"

இவள் இறங்கிவிட்டால் யார் கேட்பது? கம்மூனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எதிரே முச்சந்தி தெரிந்தது. வலது கைப்பக்கம் திரும்பினால் வீட்டுக்குப் போகும் சுற்றுவழி. இடது கைப்பக்கம் சாய்பினின் கடை, வாசலில் பழைய டயர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. கிளம்பியதிலிருந்தே ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று அவன் கைக்குத் தெரியும். அக்காவிடம் அதை அவன் சொல்லவில்லை.

வேகத்தை நன்றாகக் குறைத்தான்.

"அக்கா, இந்த வண்டியை ஓட்டுறது அவதான்னு நீதானே சொல்றே?"

"பின்னே?"

"அப்போ அவளே ஓட்டட்டும். அவ எங்க கொண்டுபோறாளோ அங்க போவோம். சம்மதமா?"

பான்யென் பதில் சொல்வதற்குள் அவன் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான்.

"அடப்பாவி! ஸ்டியரிங்கைப் பிடிடா!"

கார் ஒரு கணம் யோசிப்பது போலத் தயங்கியது. பிறகு மெல்ல, மெல்ல, இடது பக்கமாகத் தலையைத் திருப்பியது. ரோட்டை விட்டு இறங்கியது. சாய்பினின் வாசலில் நுழைந்தது. அடுக்கியிருந்த டயர்களில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. மேல் டயர் ஒன்று கழன்று உருண்டுபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவின் காலடியில் சுருண்டு படுத்தது.

பான்யெனின் திறந்த வாய் மூடவில்லை.

சாய்பின் பட்டும் தலையில் பூவுமாக வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள், முன்சீட்டைப் பார்த்தாள்.

"இது யாரு, மாப்பிள்ளைத் தோழனா?"

கம்மூனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. விளக்கு, சோடா, கோழி, வண்டியம்மாவின் பொறாமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். சாய்பின் ஜன்னல் வழியாக எட்டி விளக்கைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மவராசா, இது டயர்ல காத்து கொறைஞ்சா எரியிற விளக்கு. காலைக் குளிருல காத்து சுருங்கும், எரியும். ஓடிச் சூடானா விரியும், அணையும். காத்து இறங்கிக்கிட்டே போனா, கோழி போட்டாலும் அணையாது, யானையே போட்டாலும் அணையாது. காத்தில்லாத டயரை வச்சுக்கிட்டு, காத்தடிக்கிறவகிட்டருந்தே ஒளிஞ்சு வயக்காட்டைச் சுத்திப் போயிருக்கீங்களே! உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன பாடு படப்போறேனோ."

கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் கம்மூனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் பட்டுத்துணியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஜாக்கியை உருட்டி வந்தாள். இடது முன்சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். ஓரிடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. குறடால் பிடித்து இழுத்தாள். தகரக்கூரைக்கு அடிக்கிற ஆணி ஒன்று வந்தது, தலையில் பச்சை ரப்பர் வட்டத்தோடு.

கம்மூன் அந்தப் பச்சையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பச்சை ரப்பர் வைத்துக் கூரை போட்டது அந்த ஊரிலேயே ஒரே ஒரு கோழிக்கூண்டுக்குத்தான். அது பான்யெனின் கோழிக்கூண்டு, கார் கொட்டகையை ஒட்டினாற்போல இருந்தது.

"சத்தியமா நான் போடலைடா!" என்று பான்யென் அலறினாள். "கூரை போட்டவனுங்க சிந்திட்டுப் போனது. எனக்குத் தெரியவே தெரியாது." அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா விளக்கு எரிஞ்சப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதை மறைக்க முடியாது. இவ வந்துட்டா... நான் எங்க உக்காருவேன்?"

பட்டுத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஊரையே அதட்டுகிற பெண்பிள்ளை வாழைத்தாருக்கு நடுவில் உட்கார்ந்து வந்ததை இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று முன்கதவைத் திறக்க ஓடிய கம்மூன், பின்கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாய்பின் ஓட்டையை அடைத்தாள். காற்று நிரப்பினாள், சக்கரத்தை மாட்டினாள். கம்மூன் ஊருணி வரை ஒரு சுற்று ஓட்டி வந்தான். விளக்கு அணைந்திருந்தது.

"ஏம்மா," என்றார் மாமா பொறுமை இழந்து, "நல்ல நேரம் ஓடுது. பொண்ணு கேக்க வந்தீங்களா, பஞ்சர் ஒட்ட வந்தீங்களா?"

பான்யென் கண்ணைத் துடைத்தாள். முதுகை நிமிர்த்தினாள். மாமாவின் முன்னால் மண்டியிட்டு, கைகூப்பி, எந்தக் குறையும் வைக்காமல் முறைப்படி பெண் கேட்டாள். நடுவில் தம்பியைப் பற்றி, "கொஞ்சம் மண்டு, ஆனா தங்கம்," என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். மாமா பன்றித்தலையைப் பார்த்தபடியே சம்மதித்தார்.

பன்றித்தலையை இறக்கி மாமாவிடம் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு நாள் குறிக்க எல்லோரும் விகாரைக்குக் கிளம்பினார்கள். பான்யென் தானாகவே பின்கதவுப் பக்கம் நடந்தாள்.

"நீங்க முன்னாடி வாங்கக்கா," என்றாள் சாய்பின்.

"வேணாம். நீ உக்காரு. இனிமே அது உன் இடம். வண்டியம்மாவே கொண்டாந்து விட்டுட்டாளே."

"அப்போ ஒரு நிமிஷம்."

சாய்பின் கடைக்குள் போனாள். வண்டி நிறம் மாற்றுகிற ஸ்டிக்கர்கள் அவள் கடையில் கட்டுக்கட்டாக உண்டு. எழுதாத ஒன்றை எடுத்து, தடிப்பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி, முன்சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் ஒட்டினாள்.

'இங்கே உட்கார்ந்திருப்பது பான்யென்.'

"நீலத்தைச் சிவப்புன்னா கிரகம் நம்புதுல்ல? வண்டியம்மா இதை நம்பமாட்டாளா? நான் உக்காந்தாலும் நீங்கதான்க்கா உக்காந்திருக்கீங்க."

பான்யென் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு விரலால் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு. நல்லா அழுத்தி ஒட்டுடி."