ஊதிக் காட்டியவள்

அவன் குடிகாரன் இல்லையாம். விருந்தென்றால் மட்டும்தான் குடிப்பானாம். அவனுக்கு மட்டும் எங்கிருந்துதான் வாராவாரம் விருந்து வந்ததோ!

அன்று மேலாளருக்குப் பிரிவுபசார விருந்து. ஓசி என்பதால் மூக்கு முட்டக் குடித்திருந்தான். வெளியே வந்ததும் மனைவி கையை நீட்டினாள்.

"சாவியக் கொடுங்க. நான் ஓட்டுறேன்."

"நீயா? வண்டி வீட்டுக்குப் போகணும்மா. மரத்துல ஏறக் கூடாது."

கூட நின்றவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. மகள் படிக்கும் பள்ளியில் வேன் டிரைவர் வேலையும் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த வேலைக்காக அவள் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. மகள்தான் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தாள்.

நகரத்துச் சாலையில் போலீஸ் மறித்து ஊதச் சொல்லும். அதனால் வயலோரமாகப் போகும் கிராமத்துச் சாலையில் காரைத் திருப்பினான்.

"இங்க எவன் ஊதச் சொல்லப் போறான்?"

வளைவில் சைக்கிளில் வந்த பால்காரப் பெரியவரைக் கார் தூக்கி அடித்தது. அவள் இறங்கி ஓடினாள். மூச்சிருந்தது, முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால், புருஷன் பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறான்!

"நீதான் ஓட்டினேன்னு சொல்லு. நான் மாட்டினா ஜெயில். நீ குடிக்கல, வெறும் விபத்துன்னு விட்டுடுவாங்க."

"அப்போ என் வேலை?"

"ஸ்கூலுக்கு நானே வந்து உண்மையச் சொல்றேன். நம்ம புள்ள மேல சத்தியம்."

அழுதான். அவள் நம்பினாள். இந்த இடத்தை நினைத்தாலே அவனைச் செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது எனக்கு.

போலீஸ்காரர் கருவியை அவள் வாயருகே நீட்டினார். ஊதினாள். குடித்த தடயம் கொஞ்சமும் இல்லை.

"குடிக்காமலேயே இப்படி ஓட்டுறியாம்மா?" என்றார்.

பெரியவரின் காலை எடுத்துவிட்டார்கள். பள்ளியில் 'மன்னிக்கவும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் சத்தியத்தை ஞாபகப்படுத்தியபோதெல்லாம் அவன் 'போகலாம், போகலாம்' என்றான். கடைசியில், "இப்பப் போய்ச் சொன்னா, பொய் சொன்னதுக்கு உன்னத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க" என்றான்.

மகள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் வெடித்தாள்.

"உன்னாலதான் அந்தத் தாத்தாவுக்குக் கால் போச்சு. கிளாஸ்ல எல்லாரும் என்னக் கேக்குறாங்க."

"நான் ஓட்டலடி. அப்பாதான் ஓட்டினாரு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா பாவம்டா. பயத்துல என்னென்னமோ உளறுறா. நீ ஒண்ணும் கேட்காத."

"நாளையிலேர்ந்து நீங்களே என்ன ஸ்கூல்ல விடுங்கப்பா. அம்மா கூட வரப் பயமா இருக்கு."

"ஆகட்டும் செல்லம்."

மறுநாள் காலையில் மகள் முன்சீட்டில் ஏறினாள். ராத்திரி குடித்தது போதாதென்று எழுந்ததும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வந்திருந்தான் அவன். வாசலைத் தாண்டும்போதே நாற்றம் அடித்தது. அம்மா ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குடி, ஆட்டோல போலாம். சொன்னாக் கேளு."

"கைய எடும்மா, விரல் நசுங்கிடும்" என்று சொல்லிவிட்டு, மகள் கதவை இழுத்துச் சாத்தினாள்.