பெரிய நைனா வீட்டுச் சோறு

கண்ணாடிப் பெட்டியின் மேல் சரிந்திருந்த மாலைகளை வீரபத்திரன் மறுபடியும் கால் பக்கமாக இழுத்துவிட்டார். காலையிலிருந்து இது நாலாவது முறை. வருகிறவர்கள் முகத்துக்கு நேராக மாலையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தம்பியின் முகம் தெரிய வேண்டும். நெற்றியில் அவர் தன் கையால் பூசிய திருநீறு தெரிய வேண்டும். ஊர் எதைப் பேசியிருந்தாலும், முத்துகிருஷ்ணன் எப்படிப் பிறந்தானோ அப்படித்தான் போகிறான் என்பதை ஊர் பார்க்க வேண்டும்.

"மஸ்கட்லருந்து ப்ளேன் லேட்டாத்தான் கெளம்பிச்சாம், அண்ணாத்தே" என்று பங்காளி பிரேம்நாத் வந்து சொன்னார். "தினேஷு இங்க வந்து சேர நாலு மணி ஆவும்."

"பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

"எடுத்துடலாம். நீ செத்த உக்காரு. காலையிலருந்து சுத்திக்கினே கீற."

அவர் உட்காரவில்லை. சாவு வீட்டில் மூத்தவன் உட்கார்ந்தால் மற்றவன் படுத்துக்கொள்வான். பந்தல் காலை ஆட்டிப் பார்த்தார். பெட்டியின் வயரை யாரும் மிதிக்காதபடி ஓரமாக ஒதுக்கினார். தலைமாட்டில் பாஞ்சாலி, தம்பியின் மனைவி, முட்டியில் முகத்தை வைத்தபடி இருந்தாள். விடியற்காலையிலிருந்து அவள் தலை நிமிரவில்லை.

பந்தல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நிற்பதை அப்போதுதான் கண்டார். சாம்சன். சாலை வளைவில் இருக்கும் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தின் வார்டன்.

மிஷன்காரர்கள் தொடங்கிய இல்லம் அது. மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் தம்பி அதன் கமிட்டியில் உறுப்பினன். பதினோரு வருடம், சம்பளமில்லாத வேலை. திங்கட்கிழமை தோறும் மாகறல் கோயிலில் அபிஷேகம் பார்த்துவிட்டு, நெற்றி நிறைய நீறோடு, சைக்கிளில் நேரே அங்கே போவான். 'இங்க கும்புட்டுட்டு அங்க போயி இன்னா கும்புடறானோ' என்று டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகு வீரபத்திரன் அந்தக் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார். இல்லத்தின் பக்கம் ஒருநாளும் போனதில்லை.

இல்லத்துக்காரர்கள் ஜெபப் பாட்டுப் பாட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். விறைப்பாகப் போய் நின்றார்.

"இங்க பாட்டு கீட்டு ஒன்னும் வேணாம். எங்க வழக்கப்படி எல்லாம் நடந்துகினு கீது."

"அதுக்கு வர்லங்க ஐயா" என்றார் சாம்சன். "நேத்து ராத்திரி சேதி வந்ததுலருந்து பசங்க அடுப்பு பத்த வைக்க வுட மாட்றாங்க. முப்பத்தோரு பேரு. காலையில நாஷ்டா கூட இல்ல. எடுக்கற வரைக்கும் சாவு வூட்டுல அடுப்பு எரியக் கூடாதுன்றாங்க."

"எது சாவு வூடு?"

சாம்சன் தரையைப் பார்த்தார்.

"தீட்டு பங்காளிங்களுக்குத்தான். அவங்களுக்கு ஒன்னும் கெடையாது. நான் சொன்னேன்னு போயிச் சொல்லு."

"நான் சொல்லிப் பாத்துட்டேன். பெரியவங்க நீங்க ஒரு வார்த்த நேர்ல வந்து சொன்னா கேப்பாங்க."

எடுக்க ஐந்து மணியாவது ஆகும். முத்துகிருஷ்ணன் சாவில் அனாதைப் பிள்ளைகள் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார்கள் என்று நாளைக்கு அதே டீக்கடையில் பேசுவார்கள். அதுவும் இந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிரேம்நாத் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னதற்கு வேண்டாமென்று கையை மட்டும் அசைத்தார்.

இல்லத்தின் கேட்டுக்கு வெளியே, தார்ச்சாலை ஓரத்திலேயே நின்றுகொண்டார். தீட்டுள்ளவன் பிறர் வாசலை மிதிக்கக் கூடாது. சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புகிறவனுக்கும் அதே முறைதான். வழியில் எங்கேயும் நிற்காமல் தன் வீட்டு வாசலில் வந்துதான் கால் கழுவ வேண்டும். இதையெல்லாம் இந்த ஊரில் அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள்.

வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. சத்தமும் இல்லை. சமையல்கார சிட்டம்மாள்தான் முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

"நீங்களாச்சும் கேளுங்க சாமி. கேஸத் திருப்பப் போனா என் கையப் புடிச்சிக்கிறாளுங்க. அரிசி ஊறி ஊறி மாவா பூடும் போல கீது."

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பெண் எழுந்து கேட் அருகே வந்தாள். "இவதான் கீர்த்தி, எல்லாத்துக்கும் தலைவி" என்றார் சாம்சன்.

வீரபத்திரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சொல்ல வேண்டியது சின்ன விஷயம். நீங்கள் எங்கள் ஜனம் இல்லை, உங்களுக்குத் தீட்டில்லை, சாப்பிடுங்கள். மூன்றே வாக்கியம்.

அதற்குள் அவள் கேட்டாள். "பெரிய நைனா, உங்க வூட்டுல அடுப்பு எரியுதா?"

பெரியப்பா முறை வைத்து அப்படி அவரை அழைக்க உலகத்தில் தம்பி மகன் தினேஷ் ஒருவன்தான் உண்டு. அவன் இப்போது வானத்தில் வந்துகொண்டிருந்தான்.

"எரியல" என்றார்.

"நீங்க சாப்டீங்களா?"

"நாங்க வேற. யாரு சொல்லிக் குடுத்தது உங்களுக்கு இதெல்லாம்?"

"நைனாதான். அம்முலு செத்தப்ப. நம்ம வூட்டுல சாவு, அடுப்பு எரியக் கூடாது, சோறு சொந்தக்காரங்க வூட்டுலருந்து வரும்னாரு."

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம். தம்பி நனைந்துபோய் வந்து வாசலில் நின்றான். 'அண்ணா, இல்லத்துல ஆறு வயசுக் கொயந்த ஒன்னு காய்ச்சல்ல பூட்ச்சி. நம்ம வூட்டுலருந்து ஒரு அண்டா சோறு அனுப்பணும்.' அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடிக்கவில்லை. 'அதுக்கு நான் இன்னா சம்பந்தியா?' என்றார். தம்பி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவனும் அதைப் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

இப்போது கேட்டார். "அன்னிக்கி சோறு எங்கருந்து வந்துச்சி?"

அந்தப் பெண் அவரை வியப்போடு பார்த்தாள்.

"நீங்கதான அனுப்பினீங்க? நைனாதான் எடுத்தாந்து எறக்கினாரு. பெரிய நைனா வூட்டு சோறு, ஒரு பருக்க கூட கீழ சிந்தக் கூடாதுன்னாரு. கத்திரிக்கா சாம்பாரு."

வராந்தாவிலிருந்து ஒரு சின்னக் குரல், "அக்கா, இன்னிக்கும் அனுப்புவாங்களான்னு கேளுக்கா" என்றது. "சும்மா இருடா" என்று யாரோ அதட்டினார்கள்.

வீரபத்திரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நல்ல வெயில். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி நடந்தார். 

அவர் சாவு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாகறலிலிருந்து சாப்பாட்டு வண்டி வந்து நின்றிருந்தது. பாஞ்சாலியின் தம்பி நந்தகுமார் கொண்டுவந்திருந்தான். அடுப்பு எரியாத வீட்டுக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வருவது முறை. பக்கத்து வீட்டுக் கொல்லையில் பங்காளிகள் இலைக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு பேர் அண்டாவின் காதில் கை வைத்துவிட்டார்கள்.

"எறக்காத" என்றார் வீரபத்திரன். "நந்தகுமாரு, வண்டியத் திருப்பு. இல்லத்துக்குப் போ. முப்பத்தோரு பசங்க. அவங்க சாப்ட்ட அப்புறம் மிச்சம் இருந்தா கொண்டா."

பிரேம்நாத் எழுந்து வந்தார். "அண்ணாத்தே, இன்னா பேசற நீ? இது சம்பந்தி சோறு. சாவு வூட்டுக்கு வந்தது."

"அதான் அனுப்பறேன்."

"அந்தப் பசங்க யாரு, இன்னா ஜனம்னு தெரியுமா? நாளைக்கு ஊரு இன்னா பேசும்? எல்லா வழக்கமும் சொல்ற ஆளு நீ."

"நான்தான் சொல்றேன், வழக்கம். வண்டிய எடு."

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, சாப்பாடு கிடைக்காத இடத்தில் பேசி என்ன பிரயோஜனம் என்பதுபோல நிழலுக்குப் போனார். நந்தகுமாருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அங்க போயி இன்னான்னு சொல்லி எறக்கறது மாமா?"

"ஒன்னும் சொல்லாத. யாரு வூட்டு சோறுன்னு அவங்களுக்குத் தெரியும்."

வண்டி பின்னால் வந்து திரும்பியது. பந்தலுக்குள் பாஞ்சாலி தலை நிமிர்ந்து, வண்டி போவதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் பெட்டிப் பக்கம் போய் மாலைகளை ஒதுக்கினார். ஒதுக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

தினேஷ்குமார் நாலரைக்கு வந்தான். ஐந்தரைக்கு எடுத்தார்கள். சுடுகாட்டு வழி இல்லத்தைத் தாண்டித்தான். பாடை கடக்கும்போது பிள்ளைகள் கேட்டுக்குள் இரண்டு வரிசையாக நின்றார்கள். யாரும் பாடவில்லை. மேளக்காரர்கள் தாமாகவே அடிப்பதை நிறுத்தி, வளைவு தாண்டியபின் மறுபடி எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து, சுடுகாட்டை ஒட்டிய பம்ப்செட்டில் குளித்து, ஈர வேட்டியோடு ஆண்கள் திரும்பினார்கள். தினேஷ்குமாரின் மொட்டைத் தலையில் இன்னும் ஈரம் காயவில்லை. வீரபத்திரன் எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

இல்லத்தின் வாசலிலிருந்து சாலை வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வராந்தாவை, படியை, நடையை எல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள். உள்ளே குக்கர் விசிலடித்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறையத் தண்ணீர். அதில் சிவப்பு மக் ஒன்று மிதந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

வீரபத்திரன் நின்றார்.

"அண்ணாத்தே, வூடு அங்க கீது" என்றார் பிரேம்நாத் பின்னாலிருந்து.

அவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகை மெதுவாக வளைத்துக் குனிந்தார். ஒரு மக் மொண்டு வலது காலில் ஊற்றினார். குதிகால் நனையவில்லை. இன்னொரு மக் மொண்டார்.