உதிர்ந்த மரபணு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஈஸ்ட்டை வளர்த்து மருந்துக்கான புரதம் எடுக்கும் தொழிற்சாலை அது. ஈஸ்ட்டுக்குள்ளேயே புரதத்தைச் செரித்துவிடும் நொதி ஒன்று உண்டு. அதைத் தடுக்கிற மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். அது இருக்கும்வரைதான் மருந்து மிஞ்சும்.

தொட்டி தொட்டியாக மருந்து வீணான பிறகு ஆய்வகத்தில் ஏஞ்சல் சோதித்தாள். மரபணுவைக் காணோம். தொட்டியை ஓட்டும் ஒப்பந்தத் தொழிலாளி ஜெயராஜை மேலாளர் சரவணகுமார் கூப்பிட்டனுப்பினார்.

"ஃப்ரீசர்ல இருந்து புது ஈஸ்ட் எடுக்காம இன்னாய்யா பண்ணே?"

"பழைய தொட்டியில மிச்சம் வெச்சத ஊத்துனேன் சார், ஊட்ல தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. புதுசு வளர நாளாவுது, ஆர்டர் நிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்கோ?"

"நானா? உன்ன தயிர்க்கடை வெக்கச் சொன்னேனா?"

சோதனை முடிவோடு வந்திருந்த ஏஞ்சலின் பக்கம் ஜெயராஜ் திரும்பினான். இருவரும் அத்திப்பட்டில் ஒரே திருச்சபை.

"சார் சொன்னப்ப நீயும் அங்கதான நின்னுகினு இருந்தே தங்கச்சி. சொல்லும்மா."

அவள் நின்றிருந்தாள், கேட்டும் இருந்தாள். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்திட வேண்டியவரும் சரவணகுமார்தான்.

பழைய ஈஸ்ட் திரும்பத் திரும்பப் பெருகும்போது, பாரமான மரபணுவை உதறியவை முந்திக்கொண்டு வளர்ந்துவிடும் என்று விளக்கினாள். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

"சரி வுடு, உனக்கு இன்னாத்துக்குப் பேஜாரு," என்ற ஜெயராஜ், அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான்.

சரவணகுமார் ஏஞ்சலுக்கு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.