மூன்று நாள் குறைந்த பதக்கம்

லிஃப்ட் மெக்கானிக் ரிசர்வ் படையில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. மாதம் ஒரு ஞாயிறு அணிவகுப்பு, வருடம் பதினைந்து நாள் முகாம். போர் வந்தால் கூப்பிடுவார்கள். வரவில்லை. அவரிடம் ஒப்படைத்தது கம்பளிக் கிடங்கை. இத்தனை வருடத்தில் அவர் போராடியது கம்பளியை அரிக்கும் பூச்சிகளோடு மட்டும்தான். ஆனாலும் பன்னிரண்டு வருடம் முடித்தவர்களுக்கு நீண்ட சேவைப் பதக்கம் உண்டு. அது வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களிடம்கூடக் கதவிடுக்கு வழியாக அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

விழாவுக்கு எத்தனை பேர் வரலாம் என்று கேட்கப் படை அலுவலகத்துக்குப் போனபோது மனைவியும் கூடவே கிளம்பினாள். வினை அங்கேதான் பிடித்தது.

தலைமை எழுத்தரம்மா வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "சார், உங்களுக்கு மூணு நாள் குறையுதே."

"குறையாதே மேடம்!"

"ஏழாவது வருஷ முகாம்ல கடைசி மூணு நாள் லீவு எடுத்திருக்கீங்க. காரணம்..." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார். "மாமியார் உடல்நிலை கவலைக்கிடம்."

"எங்கம்மாவுக்கா?" மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அப்ப அவங்க நம்ம வீட்டுலதானே இருந்தாங்க! கல்லு மாதிரி இருந்தாங்க! நீங்கதான் முகாம் முகாம்னு வீட்டுப் பக்கமே வரல."

மெக்கானிக்கின் காது சூடானது. அந்த மூன்று நாளும் பெயிண்டர் நண்பனோடு ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பட்டாளத்துக்கு மாமியாரைக் காட்டி, மாமியாருக்குப் பட்டாளத்தைக் காட்டித் தப்பித்திருந்தார். போதாக்குறைக்கு இரண்டு மீனைக் கொண்டுவந்து, முகாமில் கொடுத்தார்கள் என்று வேறு சொல்லியிருந்தார்.

எழுத்தரம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த வெள்ளியிலிருந்து ஞாயிறு வரைக்கும் கிடங்குல வேலை பாருங்க. சரியாயிடும்" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவுக்கு போன் போட்டாள். மெக்கானிக் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். "ஆமாம்மா... கவலைக்கிடமாம்... வேற யாரு, நீதான்." பிறகு போன் அவர் கைக்கு வந்தது.

"மாப்பிள்ளை," என்றார் மாமியார், "அன்னைக்கு நான் செத்தே போயிருந்தா எத்தனை நாள் லீவு கிடைச்சிருக்கும்?"

"அஞ்சு நாள் அத்தை." வாய் முந்திக்கொண்டது.

"அடடா, ரெண்டு நாளை விட்டுட்டீங்களே!" என்று அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மெக்கானிக் அறுநூறு கம்பளிகளை உதறி மடித்தார். தும்மித் தும்மி மூக்கு தக்காளிப் பழமாகிவிட்டது.

விழா அன்று மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி பதக்கத்தைக் குத்திவிட்டு, "அப்பழுக்கற்ற சேவை" என்று முழங்கியபோது மனைவிக்குப் பலமாக இருமல் வந்தது. பின்னர் அதிகாரி குடும்பத்தாரிடம் வந்தார். கோப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார் போலிருக்கிறது.

"அம்மா, உங்களுக்கு முன்னாடி ஒரு தடவை ரொம்ப முடியாம இருந்துச்சாமே. இப்ப தேவலையா?"

மாமியார் நிதானமாக இடுப்பில் கைவைத்து முனகினார்.

"ஏதோ இருக்கேன் சார். அந்த மூணு நாள் மாப்பிள்ளை மட்டும் ராப்பகலா பக்கத்துல இல்லேன்னா, இன்னைக்கு என்னை நீங்க பார்த்திருக்கவே முடியாது."

அதிகாரி நெகிழ்ந்துபோய் மெக்கானிக்கின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் மாமியார் குரலைத் தாழ்த்தி, "அடுத்த மாசம் வரேன் மாப்பிள்ளை. முப்பது நாள் இருப்பேன். முகாம் கிகாம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"எதுவும் இல்லை அத்தை" என்றார் மெக்கானிக், விறைப்பாக நின்று.

ஒரு வாரமாக உர்ரென்றிருந்த மனைவி அப்போதுதான் சிரித்தாள்.