மூன்றாவது பஸ்

மூன்றாவது பஸ் ஷிமுல்காட்டி ஸ்டேஷன் வாசலுக்குத் திரும்பும்போதே அஷ்டமி ஓட ஆரம்பித்துவிட்டாள். பஸ் நிற்கட்டும் என்று காத்திருந்தால் இடம் கிடைக்காது. ஓடியபடியே தோளில் கிடந்த பையை ஒரு ஜன்னல் வழியாக சீட்டின் மேல் எறிந்தாள். பிறகு முழங்கைகளை விரித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள்.

"ஏய், கால மிதிக்கிறியே, கண்ணு தெரியல?"

"மிதி படாம போகணும்னா டாக்ஸி புடிச்சுப் போடி!"

இரண்டு பேரை விலக்கி, மூன்றாவது ஆளின் அக்குள் வழியாக நுழைந்து, அவள் சீட்டில் போய் விழுந்தபோது மணி ஐந்தே முக்கால். இனி கல்கத்தா போய்ச் சேர இரண்டு மணி நேரம். ரயில் ஓடிய காலத்தில் ஐம்பது நிமிடம்.

ரயில் நின்று ஏழு மாதமாகிறது. துர்கா பூஜை முடிந்த கையோடு, ஆற்றுப் பாலத்தின் தூண் ஒன்று இறங்கிவிட்டது என்று பாதையை மூடினார்கள். மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். அப்புறம் குளிர் போவதற்குள் என்றார்கள். அப்புறம் வைசாகப் புத்தாண்டுக்குள் என்றார்கள். புத்தாண்டும் வந்து போனது. தண்டவாளத்தின் மேல் துருவும், கட்டைகளுக்கு நடுவே புல்லும் ஏறியதுதான் மிச்சம். ரயிலுக்குப் பதில் காலையில் வருவது மூன்று பஸ்தான்.

ஷிமுல்காட்டியிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கான பெண்கள் கல்கத்தா வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அஷ்டமிக்குக் கரியாஹாட் பக்கம் மூன்று வீடுகள் இருந்தன. தாமதம், தாமதம் என்று ஒரு வீடு போய்விட்டது. இப்போது இரண்டு. அதில் லாஹிரி வீட்டில் எட்டு மணிக்கு முதியவருக்கு சர்க்கரை ஊசி போடுவார்கள். போட்டவுடன் ரொட்டி தயாராக இருக்க வேண்டும். "எட்டு பத்துக்கு வர்றதா இருந்தா வராமலே இருந்துடு அஷ்டமி, நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று அந்த வீட்டம்மா, பௌதி, முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். பாலத்தின் தூண் பௌதிக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாத விஷயம்.

ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின மாலை புயல் மழை அடித்து ஓய்ந்திருந்தது. ஸ்டேஷன் வாசல் முழுக்கச் சேறு. மூன்றாவது பஸ் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. அதை விட்டால் மூன்று கிலோமீட்டர் நடந்து பெரிய சாலைக்குப் போய், ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அஷ்டமி பையை எறிந்தாள். குறி தவறி அது தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் படிக்கட்டில் ஆள் மேல் ஆள். அவளுக்கு முன்னால் ஒருத்தி கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்துவிட்டாள். அவளோடு படி நிறைந்துவிடும்.

அஷ்டமி யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணின் தோளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். கம்பியிலிருந்து பிடி நழுவியது. அந்த இடத்தில் அஷ்டமி தன் காலை வைத்து ஏறிவிட்டாள். பின்னால் யாரோ "ஐயோ" என்று அலறினார்கள். அவள் திரும்பவில்லை.

பஸ் நகர்ந்த பிறகுதான் ஜன்னல் வழியே பார்த்தாள். சேற்றில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தவள் மஞ்சுரா.

பதினோரு வருடம் ஒரே ரயில் பெட்டியில், கதவோரத் தரையில், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள்; எல்லாருக்கும் தீதி, அக்கா. அஷ்டமியின் தலை எத்தனை நாள் அவள் தோளில் கிடந்து தூங்கியிருக்கிறது! பொரியில் வெங்காயமும் கடுகெண்ணெயும் போட்டுப் பிசைந்து, பாதியைக் காகிதத்தில் மடித்து அஷ்டமிக்கு நீட்டுவாள் மஞ்சுரா. இருவர் கண்களும் ஒரு நொடி சந்தித்தன. மஞ்சுரா திட்டவில்லை.

"நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அஷ்டமிக்கு முதியவரின் ரொட்டி நினைவுக்கு வந்தது. பௌதியின் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

அன்றைக்கும் எட்டு இருபதுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். "வா, மகாராணி வா. ரொட்டிய நானே சுட்டுட்டேன். நீ உக்காந்து சாப்பிடு" என்றாள் பௌதி.

சனிக்கிழமை மஞ்சுரா வரவில்லை. திங்களும் வரவில்லை. உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்று அஷ்டமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் பக்கத்தில் நசுங்கிக்கொண்டு நின்ற ரேகா சொன்னாள்: "விஷயம் தெரியுமா? மஞ்சுரா தீதிக்கு மணிக்கட்டு முறிஞ்சுபோச்சாம். ஆறு வாரம் கட்டு. ரெண்டு வீட்டுலயும் இனி வர வேண்டாம்னுட்டாங்க. எந்தப் பாவி இழுத்தாளோ!"

அஷ்டமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் மஞ்சுராவின் வீட்டுக்குப் போனாள். துருப்பிடித்த தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்தாள். மஞ்சுரா வாசலில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கைக் காலால் அழுத்திப் பிடித்து, இடது கையால் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? உக்காரு" என்றாள்.

அஷ்டமி உட்காரவில்லை. நின்றபடியே அழுதாள். "தீதி, நான்தான்..."

"தெரியும். என் காதோரம் குலுங்கின வளையல் யாருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா நான் பாக்கல தீதி. யாருன்னே பாக்கல."

"பாத்திருந்தா இழுத்திருக்க மாட்ட. சரி. வேற எவளோ ஒருத்தின்னா இழுக்கலாமா?"

அஷ்டமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழாதடி. அதுக்கு முந்தின வாரம் நானும் ஒருத்திய முடியப் புடிச்சு இழுத்தேன். சின்னப் பொண்ணு. அவ மூஞ்சி கூட எனக்கு ஞாபகம் இல்ல." மஞ்சுரா கத்தியைக் கீழே வைத்தாள். ஆறாம் வகுப்பு வரை படித்தவள் அவள். ரயில் பெட்டியில் வந்த பெண்களுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் காகிதம் எல்லாம் படித்துச் சொல்பவள். "ரயில் நின்ன அன்னைக்கு டிக்கெட் கவுண்டர் சுவத்துல நோட்டீஸ் ஒட்டுனாங்களே, நான் சத்தமா படிச்சேனே, ஞாபகம் இருக்கா? ரயிலுக்குப் பதிலா காலையில ஆறு பஸ்னு அதுல போட்டிருக்கு. ஆறு! வர்றது எத்தன?"

"மூணு."

"மூணாவது பஸ்ஸுக்காக என் கைய ஒடிச்சுட்ட. நான் அந்தப் பொண்ணோட முடியப் பிச்சேன். மிச்ச மூணு பஸ் எங்க போச்சுன்னு நீ யாரையாவது ஒரு வார்த்த கேட்டியா? நான் கேட்டேனா? ஏழு மாசமா ஒருத்தியாவது வாயத் தொறந்தாளா?"

மறுநாள் காலை அஷ்டமி ஓடவில்லை. பஸ்களை அனுப்பும் பொறுப்பாளர் பிமல் பாபுவிடம் போனாள். அவர் டீக்கடை பெஞ்சில் மண்கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"பாபு, நோட்டீஸ்ல ஆறு பஸ்னு இருக்காமே. மிச்சம் மூணு எங்க?"

"ரிப்பேர்."

"ஏழு மாசமாவா ரிப்பேர்?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு மாஷி? போ, போ, இந்த பஸ்ஸும் போயிடப்போவுது."

அஷ்டமி நேராகப் போய் மூன்றாவது பஸ்ஸின் முன்னால் நின்றுகொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளே இடம் பிடித்தவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்கள். "கிறுக்கு புடிச்சிருச்சா? நாங்க வேலைக்குப் போக வேணாம்?" நேற்று வரை அவளோடு பொரி பகிர்ந்தவர்களே கத்தினார்கள். இரண்டு பேர் இறங்கி வந்து, அவளை மூட்டையைத் தள்ளுவதுபோல் ஓரத்துக்குத் தள்ளினார்கள். பஸ் போய்விட்டது. அவள் லாஹிரி வீட்டுக்குப் போனபோது மணி ஒன்பதரை. கதவை வேறொரு பெண் திறந்தாள். அஷ்டமிக்கு இனி ஒரே ஒரு வீடுதான்.

செவ்வாய்க்கிழமை அவள் பஸ் வருவதற்கு முன்பே போய், பெண்கள் கூட்டத்தின் நடுவில் நின்றாள். கோபத்தில் குரலை உயர்த்தினாள். கோபம் பிமல் பாபு மேலா, கூட்டத்தின் மேலா, தன் மேலேயா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மஞ்சுரா தீதி கைய ஒடிச்சது யாருன்னு கேட்டுக்கிட்டிருந்தீங்கல்ல? நான்தான். இந்தக் கைதான். என்னைத் திட்டுறதுன்னா திட்டிக்குங்க. ஆனா நாளைக்கு இதே இடத்துல இன்னொருத்தி விழுவா. இழுத்தவ உங்கள்ல ஒருத்தியா இருப்பா."

ரேகா அவளை வெறித்துப் பார்த்தாள். காறித் துப்பப் போகிறாள் என்றுதான் அஷ்டமி நினைத்தாள். ரேகா தன் பையைச் சேற்றில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தாள். "நானும் இன்னைக்கு ஏறல. ஆறும் வரட்டும்" என்றாள். இன்னொருத்தி உட்கார்ந்தாள். மூன்றாவது பஸ் வந்து நின்றபோது, அதன் முன்னால் பதினான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆண்கள் சத்தம் போட்டார்கள். பிமல் பாபு விசில் ஊதினார், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்புடுங்க பாபு. அவங்களுக்கும் எண்ணத் தெரியும்ல!" என்று ரேகா திருப்பிக் கொடுத்ததும் சிரிப்பு எழுந்தது. அலுவலகம் போகிற ஒருவர் சுவரிலிருந்த நோட்டீஸை உரக்கப் படித்து, அதிலிருந்த புகார் எண்ணுக்குப் போன் போட்டார். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடியைப் பற்றவைத்தார். அவருக்கு அவசரமில்லை.

பிமல் பாபு தள்ளிப் போய் நின்று யாரிடமோ போனில் தாழ்ந்த குரலில் பேசினார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, ஏழு மாதத்தில் முதல் தடவையாக நான்காவது பஸ் திரும்பி உள்ளே வந்தது. ரிப்பேர் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. முன்கண்ணாடியில் வாடாத சாமந்தி மாலை தொங்கியது. பக்கவாட்டில் மணமகன், மணமகள் பெயர்கள் ஜிகினாத் தாளில் ஒட்டியிருந்தன.

கூட்டம் அதைப் பார்த்தது. பிறகு பிமல் பாபுவைப் பார்த்தது.

"ஓ, கல்யாண ரிப்பேரா பாபு?" என்றாள் ரேகா. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஐந்து பஸ்கள் வந்தன. ஆறாவது இன்றுவரை வரவில்லை. ரயில் பாதையும் திறக்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் என்று புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மஞ்சுரா வேலை செய்த வீடுகளில் ஒன்றுக்கு அஷ்டமி போய், கட்டுப் பிரிக்கும் வரை அவள் வேலையைத் தானே செய்வதாகவும், அந்த இடத்தை அவளுக்கே வைத்திருக்க வேண்டுமென்றும் கேட்டாள். அந்த வீட்டம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். இன்னொரு வீடு போனது போனதுதான்.

பெண்கள் வரிசையில் நிற்கப் பழகிவிட்டார்கள். அதிலும் தினம் ஒரு சண்டை உண்டு. ஒரு நாள் அந்த வரிசையில் நின்ற அஷ்டமியைப் பார்த்துப் பிமல் பாபு கசப்பாகக் கேட்டார்: "ஏன் மாஷி, எல்லாரையும் முட்டித் தள்ளி மொத ஆளா ஏறுவியே, பெரிய சாமர்த்தியசாலி. இப்ப என்ன புதுசா நியாயம் பேசுற?"

வரிசை நகர்ந்தது. அஷ்டமி ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"பக்கத்துல நிக்கறவள இழுத்துப் போட்டு ஏறுனது சாமர்த்தியம் இல்ல பாபு. உங்ககிட்ட கேக்க பயந்துக்கிட்டு அவ மேல கை வச்சேன், அவ்வளவுதான். நமக்கு வர வேண்டியது ஏன் வரலைன்னு கேக்காத வரைக்கும், இருக்கறத வச்சு ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டேதான் கெடப்போம். நீங்க உக்காந்து டீ குடிப்பீங்க."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அன்று அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.